நாட்ராயன் கிணற்றில் முளைத்த கார்

வேப்பங்காட்டுப்புதூர் நாட்ராயன் கிணற்றுக்குள் இறங்கிய அன்றைக்கு மண் சரிந்து கிணறே மூடிக்கொண்டது என்பதும், தோண்டத் தோண்டப் பக்கம் இடிந்து விழுந்துகொண்டே இருந்ததால் இன்னோர் உயிர் போய்விடக் கூடாதென்று எந்திரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதும், அதே வருசம் கார்த்திகை பிறந்த வாரத்தில் அந்தக் கிணற்று வாயிலிருந்து வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று முளைத்து வந்தது என்பதும் தாராபுரம் ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் அறிந்த சங்கதி. ஆனால் அதை மேலே கொண்டுவந்தது யார் என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் வேறு யாரையும் காட்டமாட்டார்கள், நாட்ராயன் பெண்டாட்டி துளசிமணியைத்தான் காட்டுவார்கள்.

துளசிமணி சிரித்த முகக்காரி. நூறு நாள் வேலைக்கு அவள்தான் பொறுப்பாளர். குளம் வெட்டவும் வரப்புக் கட்டவும் வருகிற பெண்களைக் காலையில் ஒருமுறையும் மத்தியானம் ஒருமுறையும் நிற்கவைத்துச் செல்போனில் படம் பிடித்து ஏற்றிவிட வேண்டும். படத்தில் விழாதவர்களுக்கு அன்றைக்கு ஆஜர் கிடையாது. "ஏனுங் அக்கா, முந்தானையை மூஞ்சிலருந்து எடுங்க. போட்டோல இல்லைன்னா பூமிலயே இல்லைன்னு அர்த்தமுங்க" என்று அவள் சொல்வாள். "என்ற வூட்டுக்காரனுக்கு நான் அப்படித்தான்டி, பூமிலயே இல்லை" என்று ஒருத்தி சொல்ல, குளத்துக்கரையே சிரிக்கும். அந்தச் சிரிப்பெல்லாம் வைகாசியோடு சரி. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதென்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வந்து பழைய சோறு திங்கறேன், வெங்காயம் உரிச்சு வை புள்ள" என்று சொல்லிவிட்டு இறங்கினான் நாட்ராயன். உரித்த வெங்காயம் தட்டிலேயே வாடிப்போனது.

செத்தான் என்று அழுவதற்கு உடம்பு இல்லை, இருக்கிறான் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. மாமியார் ராமாத்தாள் வாசலில் உட்கார்ந்து மருமகளின் நெற்றியையே பார்ப்பாள்.

"எதை நம்பி இன்னும் பொட்டு வெச்சுக்கறே அம்மிணி?"

"அவரை மேல கொண்டாங்க அத்தை. மூஞ்சியைப் பாத்துட்டு, வெச்சுக்கறதா அழிக்கறதான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. உயிரோடோ இல்லாமலோ அவன் மேலே வர வேண்டும். கைக்குழந்தை தன்யா அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பன் என்று காட்ட ஒரு நல்ல போட்டோகூட வீட்டில் கிடையாது. ஊரையே படம் எடுக்கிறவளின் புருசன் போனைக் கண்டால் ஓடுவான். கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் விடாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

காரைப் பற்றி அவன் சொல்லிக்கொண்டே இருந்தது உண்டு. கோயமுத்தூரில் ஒரு மில்லுக்காரர் வீட்டுக்குப் பாரம் இறக்கப் போனபோது பார்த்தானாம். "கதவு நம்மூர்க் காருக்கு எதிர்ப்பக்கமாத் தொறக்குது புள்ள. மூஞ்சில வெள்ளிக் கம்பியா நிக்குது, கோயில் கேட்டு மாதிரி. உள்ள உக்காந்து சாத்திட்டா மழை பேயறதுகூடக் கேக்காதாம், கடியாரம் ஓடறது மட்டுந்தான் கேக்குமாம். ஒரு நாளைக்கு உன்னையும் பாப்பாளையும் அதுல உக்கார வெக்கறேன் பாரு" என்பான். "மொதல்ல மொபெட்டுக்கு டயர் மாத்துங்க மாமா" என்பாள் இவள்.

கார்த்திகை பிறந்த வாரத்தில், வழக்கம்போல விடிந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூடிய கிணற்றடிக்குப் போனபோது, வேலிமுள்ளுக்கு நடுவே ஈரமண்ணில் ஒரு வெள்ளிப் பெண் நின்றாள். விரல் நீளம். முன்னால் சாய்ந்து, காற்றில் துணி பறக்க, முதுகில் இறக்கை விரித்து, இப்போதுதான் மூச்சுவாங்கி மேலே வந்தவள்போல நின்றாள். துளசிமணி கை வைக்கவில்லை. பழக்கதோசத்தில் போனை எடுத்துப் படம் பிடித்தாள். மறுநாள் விடிந்ததும் வெள்ளிப் பெண்ணுக்குக் கீழே ஒரு மூடி வந்திருந்தது, அதையும் எடுத்தாள். அதற்கு மறுநாள் மூடிக்குக் கீழே கோயில் கேட்டு மாதிரி வெள்ளிக் கம்பிகளின் தலை வந்திருந்தது, அதையும் எடுத்தாள். தன்யாவுக்குக் காய்ச்சல் அடித்து அவள் போகாமல் விட்ட நாளில் மட்டும் ஒரு நூல்கூட உயரவில்லை.

அவளுக்கு விசயம் புரிந்துபோனது, அதில் அவளுக்கு ஆச்சரியமும் வரவில்லை. படத்தில் விழுந்தால்தான் பூமியில் உண்டு என்று அவள் தினமும் சொல்லி வந்ததுதானே. எடுத்தால் வரும், எடுக்காவிட்டால் வராது. எடுத்தது எந்த அளவோ வருவதும் அந்த அளவு. இடது பக்கம் முள் நெருக்கமாகக் கிடந்ததால், குழந்தைக்குக் கீறிவிடுமென்று அவள் வலது பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் ஹெட்லைட் இரண்டும் எழுந்தபோது வலது லைட் குடத்தின் வயிறுபோலப் பளபளத்தது, இடது லைட் கண்ணாடியில்லாமல் வெறும் குழியாக வந்தது. அப்புறம் அதை எத்தனை தரம் எடுத்தாலும் அந்தக் குழி குழியாகவே நின்றது.  கார் முழுசாக வந்தால் அதன் அடியில் கிடக்கிறவரும் வருவார் என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஒரு பக்கம் விட்டதற்கு ஒரு கண் போச்சே, அவர் வருகிற சமயத்தில் எதையாவது விட்டுவிட்டால்?

ஊரும் பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. வானம் பார்த்த பூமியில் மண்ணுக்குள்ளிருந்து எது வந்தாலும் லாபம்தான். முதல் வாரம் எலுமிச்சம்பழம் வந்தது, இரண்டாம் வாரம் மஞ்சளும் வேப்பிலையும் வந்தன, தையல்கார ரத்னசாமி வெள்ளிப் பெண்ணுக்கு விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பாவாடை தைத்துக் கொடுத்தான், அவளுக்கு இறக்கையம்மன் என்று பெயரும் ஆகிவிட்டது. ஒரு கண் இல்லாத ஆத்தா என்பதால் கண்வலிக்காரர்கள் வந்தார்கள், புது வண்டி வாங்கியவர்கள் மூலனூரிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் வந்து டயருக்கு அடியில் பழம் வைத்து நசுக்கினார்கள், லைசென்ஸ் டெஸ்ட்டில் எட்டுப் போடவே வராத கறிக்கடைக்காரர் ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டுப் போய் எட்டுக்குப் பதில் பூஜ்யமாகச் சுற்றினாலும் லைசென்ஸோடுதான் திரும்பி வந்தார். கண்டக்டர்கள் "இறக்கையம்மன் கோயில் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார்கள், டீக்கடை வந்தது, செருப்பு வைக்க ஒரு கொட்டகை வந்தது, அந்த மண்ணுக்கு அடியில் ஓர் ஆள் கிடக்கிறான் என்பதைப் பேசுகிறவர்கள் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துபோனார்கள்.

இப்படியிருக்கையில் ஜெரோம் வந்தான். கோயமுத்தூர்க்காரன், பழைய இங்கிலீஷ்க் கார்களைப் படம் எடுத்துக் காலண்டர் போடுவது அவன் பிழைப்பு. கனத்த உடம்பு, பெரிய கேமராப் பை, நாய் என்றால் நடுக்கம். துளசிமணியின் படங்கள் யார் யார் போனிலோ சுற்றி அவனிடம் போயிருந்தன. காரைச் சுற்றிச் சுற்றி வந்தான், மண்டியிட்டான், கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான்.

"சிஸ்டர், இந்த மூக்கு ஒரு கம்பெனி, இந்த மட்கார்டு வளைவு வேற கம்பெனி, இந்த லைட்டு இன்னொண்ணு. எல்லாம் லண்டன் பக்கம் கையால அடிச்சது. ஆனா இப்படி ஒரு காரை யாரும் செஞ்சதே இல்லைங்க."

"செய்யாமயா வருது?" என்றாள் துளசிமணி. "அதை வுடுங்க. எப்படி எடுத்தா ஒண்ணும் விட்டுப்போகாது, அதைச் சொல்லுங்க."

"முழுக் காரை எல்லாரும் எடுப்பாங்க. முழுசா எடுத்தா காரு மட்டுந்தான் இருக்கும். இதோ, இந்தத் தண்ணி ஊத்தற மூடியில வெள்ளி தேய்ஞ்சிருக்குது பாருங்க, இதைக் கிட்டப் போயி எடுத்தா எந்த விரலு எத்தனை வாட்டி திருகுச்சோ அதுவும் படத்துல வந்துரும். வெயில் ஏறுனா பளபளப்பு எல்லாத்தையும் தின்னுரும், அதனால விடியல்ல எடுக்கணும். அப்புறம், இந்தப் படத்துல பாருங்க, பம்பருக்குள்ள யாரு நிக்கறது?"

அவள் பார்த்தாள். பளபளப்புக்குள் குழந்தையும் தானுமாகக் கோணலாக நின்றுகொண்டிருந்தாள்.

"எடுக்கற ஆளு உள்ள விழுந்துட்டா அந்த இடத்துல காரு இல்லைன்னு அர்த்தம். கறுப்புத் துணியைப் போத்திக்கங்க, கறுப்புன்னா பளபளப்புல தெரியாது. கண்ணாடி வர்றப்ப இன்னொண்ணு. கண்ணாடியைப் பாக்கறோமா, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பாக்கறோமான்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் அழுத்துங்க." இவ்வளவையும் சொல்லிவிட்டு, டீக்கடை நாய் எழுந்து சோம்பல் முறித்ததைக் கண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

வீட்டிலிருந்த ஒரே கறுப்புத் துணி நாட்ராயன் சபரிமலைக்குக் கட்டிய வேட்டி. அதை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். அதில் இன்னும் அவன் வாசம் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு திருகாணியாக, ஒவ்வொரு மடிப்பாக, வெள்ளிக் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவிலிருக்கிற இருட்டாக, பானெட்டின் ஓரத்தில் கீலும் கீலும் சேருகிற முடிபோன்ற இடைவெளியாக எடுத்தாள், எடுக்க எடுக்கக் கார் மூக்கை மேலே தூக்கிச் சாய்வாக மார்பளவு எழுந்து முன்கண்ணாடியின் அடிவிளிம்பு தெரிகிற இடத்துக்கு வந்தது.

அந்த இடத்தில்தான் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி மாரப்பன் பலகை மாட்டினார். 'மூலவரைப் படம் எடுக்கக் கூடாது.'

"எந்தக் கோயில்லயாவது கருவறைக்குள்ள போனைத் தூக்கிட்டுப் போக வுடறாங்களா அம்மிணி? நீயே சொல்லு. அதுவும் ஆத்தா முன்னாடி கறுப்பைப் போத்திட்டு நிக்கறே" என்றார். பொல்லாதவர் இல்லை, சாமி என்று ஆனபின் சாமிக்கு உண்டான முறை என்று நினைத்தார். ஊர்க்கூட்டம் போட்டு அவர்கள் இன்னொன்றும் பேசி முடித்தார்கள். தை அமாவாசை அன்றைக்குக் காலையில் ஆத்தாளைச் சுற்றிக் கான்கிரீட் போட்டுப் பீடம் கட்டிவிடுவது. நாட்ராயன் பங்காளிகளும் கூடவே முடிவு செய்தார்கள்: அதே அமாவாசையில் தர்ப்பைப்புல்லில் ஓர் ஆள் செய்து, அதற்கு நாட்ராயன் என்று பெயர் வைத்து எரித்துக் காரியத்தை முடித்துவிடுவது.

கான்கிரீட் விழுந்தால் கிணறு மூடியது மூடியதுதான். துளசிமணி பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போனாள், பங்காளி வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் நின்றாள், மாரப்பன் காலில்கூட விழுந்தாள். எல்லாரும் குழந்தையை வாங்கிக் கொஞ்சினார்கள், காப்பி கொடுத்தார்கள், "மனசைத் தேத்திக்கோ கண்ணு" என்றார்கள். கார் அசையாமல் நின்றது. ஒரு மத்தியானம், யாரும் இல்லாத சமயத்தில், அவள் பானெட்டின்மேல் காதை வைத்துக் கவிழ்ந்து கிடந்தாள். தகரம் அடுப்புபோலச் சுட்டது. உள்ளே, வெகு கீழே, டிக் டிக்கென்று ஒரு கடியாரம் ஓடியது. அவள் எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டு நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். மாரப்பன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. மூலவரு எந்திரிச்சு நடப்பாருங்களா?"

"அதெப்படி? மூலவரு வெச்ச எடத்துல இருக்கறதுதான் மொறை."

"வெளிய கெளம்பி வர்றது?"

"உற்சவரு."

"உற்சவரு வீதிக்கு வர்றப்ப ஊரே போனைத் தூக்கிட்டு நிக்குதுங்களே, நீங்ககூடப் போன வருசம் சப்பரத்து மேல நின்னு பல்லைக் காட்டுனீங்க, நான்தான் எடுத்தனுங்க. எங்க கெணத்துல நிக்கற ஆத்தா தினமும் எந்திரிச்சு வந்துட்டிருந்தாங்க. வர்ற சாமியை மூலவருன்னு பலகை மாட்டி நிறுத்திப் போட்டது நீங்கதானுங்களே மாமா? பாதி வழில நிக்கறாங்க. அவங்களுக்குக் கால் வலிக்காதுங்களா?"

மாரப்பன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.  "நீ நல்லா வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்" என்று முனகிக்கொண்டே போய்ப் பலகையைக் கழற்றினார். "ஆனா அமாவாசை அமாவாசைதான். அன்னிக்கு விடிஞ்சா கான்கிரீட் மிசின் வந்துரும். பீடத்துல ஏறுனதுக்கப்பறம் அவ மூலவருதான், சொல்லிட்டேன்."

அதன்பிறகு துளசிமணி சோறு தின்றாளா தூங்கினாளா என்று யாரும் பார்க்கவில்லை. விடியலில் கறுப்பு வேட்டிக்குள் புகுந்தால் வெயில் ஏறுகிறவரைக்கும் வெளியே வரமாட்டாள். முன்கண்ணாடி வந்தது, அந்தப்பக்கம் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் பார்த்து எடுத்தாள், பக்கவாட்டில் செருகிய ஸ்டெப்னி வந்தது, எதிர்ப்பக்கமாகத் திறக்கிற கதவு வந்தது, கதவுப்பிடி வந்தது, காலை வைத்து ஏறுகிற ஃபுட்போர்டும் அதன் ரப்பர் வரிகளும் வந்தன, பின்னால் பெட்டி கட்டுகிற தோல் வார்கூட வந்தது. தை பிறந்து கரும்புச் சக்கை தெருவில் கிடந்த ஒரு காலையில் நான்கு டயரும் மண்ணைவிட்டு ஏறி, கார் நேராகி முழுசாக நின்றது.

ஊரே குலவையிட்டது. துளசிமணி குப்புறப் படுத்துக் காருக்கு அடியில் பார்த்தாள். குழி இல்லை. பிளவு இல்லை. டயருக்குக் கீழே தரை, களத்துமேடுபோல இறுகிக் கிடந்தது. கையால் தட்டினாள். நகத்தால் பிறாண்டினாள். கார் வந்துவிட்டது, அதன் அடியில் யாரும் இல்லை. கும்பலிலிருந்து மெல்ல ஒவ்வொருவராகக் குலவையை நிறுத்திக்கொண்டார்கள், ஏனென்றால் அவள் அழுகிற சத்தம் அழுகை மாதிரியே இல்லை, வறண்ட பம்புசெட்டு காற்றை இழுக்கிற மாதிரி இருந்தது.

ராமாத்தாள்தான் வந்து அவளைத் தூக்கினாள். தூக்கியவள், காரின் பக்கக் கண்ணாடியில் கையை ஊன்றி நின்றவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏ புள்ள. கண்ணாடி ஏன் செவப்பா இருக்குது?"

கண்ணாடி சிவப்பாக இல்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சிவப்பாக இருந்தது. காருக்குள் கூரைவரைக்கும் கிணற்று மண் அடைந்து கிடந்தது.

கதவுப்பிடி திரும்பவில்லை. ரத்னசாமி ஒரு சுத்தியலோடு ஓடிவந்து கண்ணாடியில் ஓங்கினான். ராமாத்தாள் குறுக்கே விழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாஞ் சாமி! ஒரு வாட்டி சரிஞ்சது போதும். இன்னொரு வாட்டி எம் பையன் மேல மண்ணைத் தள்ளாதீங்க." அப்புறம் மருமகளைப் பார்த்தாள். இத்தனை மாசத்தில் முதல்முறையாக அவள் நெற்றியைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தாள். "நீ எடு அம்மிணி. போட்டோ எடு. பாப்பாளை நான் வெச்சுக்கறேன்."

துளசிமணி கண்ணாடியைப் பார்க்காமல் கண்ணாடிக்கு அந்தப்பக்கத்தைப் பார்த்து மண்ணைப் படம் எடுத்தாள். மறுநாள் மண் ஒரு சாண் இறங்கியிருந்தது. எங்கே இறங்கிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. கூரையில் பட்டுத்துணி தெரிந்தது, எடுத்தாள். கண்ணாடி இறக்குகிற வெள்ளிக் கைப்பிடி தெரிந்தது, எடுத்தாள். டேஷ்போர்டில் தேன்நிற மரமும் மரத்தின் ரேகையும் தெரிந்தன, அதில் பதித்த கடியாரம் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் முள்ளோடு எடுத்தாள். அமாவாசை நெருங்கி, ஆற்றுமணலும் ஜல்லியும் வந்து காருக்குப் பக்கத்தில் குவிந்தபோது, பின்சீட்டின் தோல்மேல், மண்ணுக்கு வெளியே, ஒரு கை கிடந்தது.

புறங்கையில் துளசி என்று பச்சை குத்தியிருந்தது.

அன்றைக்கு டீக்கடை திறக்கவில்லை. துளசிமணி அந்தக் கையைப் படம் எடுத்தாள். நகத்துக்குள் இருந்த மண், சுண்டுவிரலில் கருக்கரிவாள் பட்ட தழும்பு, மணிக்கட்டின் முடி, கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கை. அந்தக் குருட்டு ஹெட்லைட் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றது. ஒன்றை விட்டால் அது விட்டதுதான்; அவர் இரண்டு காதோடு வர வேண்டும், பத்து விரலோடு வர வேண்டும், இன்னும் யாருக்கும் தெரியாத இடத்திலெல்லாம் இருக்கிறவற்றோடு வர வேண்டும். மாமியாரும் மருமகளும் காரின் இரண்டு பக்கத்திலும் நின்றுகொண்டு அந்த ஓர் ஆளைப் பங்குபோட்டுச் சொன்னார்கள்.

"வலது காதுக்குப் பின்னாடி ஒரு வெட்டுக்காயம் இருக்கோணும், ஊஞ்சல்லருந்து விழுந்தது. எடுத்தியா?"

"எடுத்துட்டனுங்க அத்தை."

"தாடைக்கு அடியில மச்சம்?"

"அது இடது பக்கம். அங்க வாரேன்."

"குதிகால் வெடிப்பு?"

"இருங்க, இன்னும் மண்ணு இறங்கலை."

"ஆமா, சின்னப் பையன்ல அம்மை போட்டுச்சு. முதுகுல மூணு தழும்பு. சீட்டுல சாஞ்சிருக்கறானே, முதுகை எப்படி எடுப்பே?"

 துளசிமணி வண்டியின் பின்னால் போனாள், சிறு பலகணிபோல இருந்த பின்கண்ணாடியில் ஏறி, சீட்டுக்கும் அவன் முதுகுக்கும் நடுவில் தெரிந்த இடுக்கைக் கண்ணாடியோடு போனை ஒட்டி ஒட்டி, சட்டைக் கிழிசல் வழியாக எடுத்தாள். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கித் தழும்பைத் தேடினாள். மூன்றாவது தழும்பு கிடைத்தபோது ஃபுட்போர்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அமாவாசை அன்று விடிந்தது. பனி தரையோடு படுத்திருந்தது. மிசின் வந்து நின்றது, ஒரு பக்கம் பங்காளிகள் தர்ப்பை மனிதனை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். காருக்குள் மண் எல்லாம் இறங்கிவிட்டது. நாட்ராயன் பின்சீட்டில் மாப்பிள்ளைபோலச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், மடிமேல் கடப்பாரை, முகம் கண்ணாடியோரம், காதும் மச்சமும் தழும்பும் வெடிப்புமாக ஒன்றும் குறையாமல் இருந்தான். ஆல்பத்தில் இருந்தது போலவே கண்ணை மூடியிருந்தான். மார்பு அசையவில்லை.

"எல்லாம் எடுத்துட்டியா?" என்றாள் ராமாத்தாள். 

"எடுத்துட்டனுங்க அத்தை."

"அப்பறம் ஏன் இப்படி இருக்கறான்?"

மாரப்பன் மெல்ல வந்து நின்றார். "அம்மிணி, ஆளு முழுசாக் கெடைச்சுட்டான். அதுவே பெரிசு. தர்ப்பை வேண்டாம், அவனையே..." என்றார். மிசின்காரன் மோட்டாரைப் போட்டுவிட்டான், ஜல்லி உருளத் தொடங்கியது.

துளசிமணி கண்ணாடியில் நெற்றியை வைத்து அவனைப் பார்த்தாள். அவள் விட்ட மூச்சில் கண்ணாடி வெளுத்தது. முந்தானையால் துடைத்தாள், மறுபடி வெளுத்தது. மறுபடி துடைக்கப் போன கை நின்றது. ஒன்றை எடுக்காமல் விட்டிருந்தாள். காதும் மச்சமும் படத்தில் விழும். மூச்சு மட்டும் எதிலும் விழாது, கண்ணாடியில் தவிர.

"மிசினை நிறுத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மிசின்காரன் கை தானாகவே நிறுத்தியது. "எல்லாரும் அக்கட்டால போங்க. யாரும் இந்தப் பக்கம் மூச்சு விடாதீங்க."

ஊர் பின்வாங்கியது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை ஒரு தூசி இல்லாமல் துடைத்தாள். நாட்ராயன் வேட்டியைத் தலையோடு போர்த்தி, முகத்தையும் வாயையும் அதற்குள் கட்டிக்கொண்டு, போனை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். கண்ணாடியையும் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு அந்தப்பக்கமும் பார்க்கவில்லை; கண்ணாடியின் உள்தோலை மட்டும் பார்த்தாள். மூச்சைப் பிடித்தாள். ராமாத்தாள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன்யாவின் வாயைப் பொத்தினாள், பார்த்துக்கொண்டிருந்த மாரப்பன் பிடித்தார், ரத்னசாமி பிடித்தான், பங்காளிகள் பிடித்தார்கள், தர்ப்பை மனிதனைச் சுற்றி நின்றவர்களும் மிசின்காரனும்கூடப் பிடித்தார்கள், உள்ளே கடியாரம் ஓடுவது மட்டும் கேட்டது. பனி காரைச் சுற்றி வந்து நின்றது. துளசிமணிக்குக் காது அடைத்தது, கண் இருட்டியது, நெஞ்சு வெடிக்கப் பார்த்தது, அப்போதும் அவள் விடவில்லை.

கண்ணாடியின் உள்பக்கத்தில், மூக்குக்கு நேராக, ஓர் ஆமணக்கு விதை அகலத்துக்கு வெண்மை படர்ந்தது.

அவள் அழுத்தினாள். அப்புறம்தான் தன் மூச்சை விட்டாள்.